‘லெய்டு’ அல்ல, ‘லே’தான்

காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துக் கிடந்ததை விடுப்புக் கடிதத்தில் ‘ஐ லெய்டு இன் பெட்’ என்று எழுதினேன், மேலதிகாரி அதை ‘லே’ என்று திருத்திவிட்டார், லே நிகழ்காலம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் திருத்தியது சரி. ஆனால் உங்கள் சந்தேகமும் நியாயமானது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் பேச்சில் இதைக் கலந்துவிடுகிறார்கள்.

நம் தன்வினை, பிறவினையை வைத்துப் பாருங்கள், உடனே பிடிபடும். ‘கிட’ என்பதற்கு லை. ‘கிடத்து’ என்பதற்கு லே. பழைய ஆங்கிலத்திலும் இவற்றுக்கு இடையே இதே தன்வினை, பிறவினை உறவுதான். சிக்கல் என்னவென்றால், லை என்ற வினையின் இறந்தகாலமும் லேதான்! நீங்கள் யாரையும் கிடத்தவில்லை, நீங்களே கிடந்தீர்கள். அதனால் ‘ஐ லே இன் பெட்’.

லெய்டு வர வேண்டுமென்றால் ‘எதை?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள், கோழி முட்டையிட்டது, அடிக்கல் நாட்டினார்கள், எல்லாமே லெய்டு. ஹேவ், ஹேட் வந்தாலும் இது மாறாது. லை மட்டும் அங்கே லெயின் ஆகும்: ‘ஐ ஹேட் லெயின் இன் பெட்’. இலக்கணப்படி சரி, ஆனால் பேச்சில் அபூர்வம். கடிதத்துக்கு ‘ஐ வாஸ் இன் பெட்’ என்றே எழுதலாம், நான் அதையே பரிந்துரைப்பேன்.

அப்புறம், பொய் சொல்வதைக் குறிக்கும் லை தனி வினை. அதன் இறந்தகாலம் லைடு, எப்போதும்.