பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில், புது ப்ராஜெக்டுக்கு 5.2 எடுக்கலாமா, 6.0 எடுக்கலாமா?

அடுத்த வருடம் இந்த ப்ராஜெக்டை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? வாடிக்கையாளரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் வேறு வேலைக்குப் போய்விடுவீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 5.2 எடுங்கள். ஒரு குழு தினமும் அதிலேயே வேலை செய்யும், டெஸ்ட்களும் ஒழுங்காக எழுதும் என்றால் 6.0 தாராளமாக எடுக்கலாம்.

ஜாங்கோவில் ஏறக்குறைய எட்டு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். '.2' என்று முடிவதுதான் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு. அதற்கு மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 5.2 வந்தது 2025 ஏப்ரலில், ஆதரவு 2028 ஏப்ரல் வரை. 6.0 வந்தது 2025 டிசம்பரில், ஆனால் 2027 ஏப்ரலோடு அதற்கு ஆதரவு முடிகிறது. பின்னால் வந்தது முன்னால் போய்விடும். 6.0-இல் தொடங்குபவர் 6.1, 6.2 என்று ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் இல்லாத ப்ராஜெக்டில் அதை யார் செய்வார்கள்?

சர்வரையும் பாருங்கள். 6.0-க்கு பைத்தான் 3.12 அல்லது அதற்கு மேல் வேண்டும். உபுண்டு 22.04-இல் இருப்பது 3.10, டெபியன் 12-இல் 3.11. இவற்றில் 5.2 அப்படியே ஓடும்.

6.0-இல் பலரை இழுப்பது பின்னணி வேலைகளுக்கான புது வசதி. மெயில் அனுப்புவது போன்றவற்றை வரிசையில் போட்டுவிடலாம். நல்ல விஷயம்தான், ஆனால் அந்த வேலைகளை எடுத்து ஓட்டும் வொர்க்கர் ஜாங்கோவோடு வராது; அதை நீங்கள்தான் தனியாக அமைக்க வேண்டும். அதனால் இந்த ஒன்றுக்காக மட்டும் 6.0-க்குப் போகச் சொல்ல மாட்டேன். டெம்ப்ளேட் பார்ஷியல்ஸ் (டெம்ப்ளேட்டின் ஒரு துண்டுக்குப் பெயர் வைத்து அதைத் தனியாகப் பயன்படுத்தும் வசதி) வேறு கதை. பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்க ஹெச்டிஎம்எக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு அது தினமும் உதவும்.

அப்புறம், 4.2-க்கான பழைய பாடத்தைப் பார்த்து அதே பதிப்பை நிறுவிவிடாதீர்கள். அதன் ஆதரவு 2026 ஏப்ரலோடு சரி. பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு 5.2-இல் செய்தால் பெரும்பாலும் வேலை செய்யும். தவறாமல் இடிக்கும் ஓர் இடம் லாக்அவுட். பழைய பாடங்களில் அதை வெறும் லிங்க்காகப் போட்டிருப்பார்கள், 5.0-இலிருந்து அதை அழுத்தினால் 405 பிழைதான் (இந்த முறையில் கேட்க அனுமதி இல்லை) வரும். லிங்க்கை எடுத்துவிட்டு, சிஎஸ்ஆர்எஃப் டோக்கனோடு (போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் குறியீடு) ஒரு சின்ன போஸ்ட் ஃபார்ம் வையுங்கள், சரியாகிவிடும்.