துறை தாண்டும் ஆய்வு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நிலத்தடி நீரை ஊரார் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் பொருள். ஓர் இயல் முழுக்கக் கிணறுகளின் நீர்மட்டக் கணக்கும் மண்ணடுக்கு விவரமும் வருகிறது. ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒருவர், "இதெல்லாம் நிலவியல்காரர்கள் வேலை, உனக்கெதற்கு? பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்" என்றார். அந்த இயலை எடுத்துவிடலாமா? இப்படிக் கலந்து செய்யும் ஆய்வில் ஆழம் இருக்காதா?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

எடுக்காதீர்கள். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்றே தெரியாமல், பங்கீடு நியாயமாக நடந்ததா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

பொதுவளங்களை மக்கள் எப்படிப் பங்கிட்டுக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் தொடங்கியதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான். முதலில் பொருளாதாரத்தில்தான் ஆய்வு செய்ய விரும்பினார், கணிதம் போதாது என்று அந்த வழி அடைபட்டது. பெண்பிள்ளைக்குத் திரிகோணமிதி எதற்கு என்று பள்ளியிலேயே அவரைத் தள்ளி வைத்திருந்த காலம் அது. அரசியல் அறிவியலுக்குப் போனார். 1965இல் அவர் முடித்த ஆய்வேடு, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் கடலோரப் பகுதியின் நிலத்தடி நீர் பற்றியது. ஆளாளுக்கு இறைத்ததில் கடல்நீர் உள்ளே ஏறத் தொடங்கியிருந்தது. நீர் எடுப்பவர்களே வழக்குப் போட்டு, பேசி, இறைப்பதைக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் கடலோரமாகக் கிணறுகள் போட்டு நன்னீரை உள்ளே செலுத்தி உப்புநீரைத் தடுக்கும் ஏற்பாடும் வந்தது. இதில் சட்டம் எங்கே முடிந்தது, நிலவியல் எங்கே தொடங்கியது?

மூன்று வருடம் கழித்து, 1968இல், காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் 'சயின்ஸ்' இதழில் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று விட்டுக்கொண்டே போவார்கள், நிலம் அழியும். ஆகவே தனியுடைமையாக்கு, இல்லையென்றால் கட்டுப்படுத்து என்பது அதன் சாரம். அந்த மேய்ச்சல் நிலம் அவர் மனதில் வரைந்துகொண்டது. உண்மையான ஓர் ஊருக்குப் போய், அங்கே மேய்ச்சலுக்கு விதி உண்டா, மீறினால் யார் கேட்பார்கள் என்று அவர் பார்க்கவில்லை. அப்படியும் அந்தக் கட்டுரை பல பத்தாண்டுகள் கொள்கை வகுப்பவர்களின் கையில் இருந்தது. கட்டுப்பாடற்ற பொதுநிலம் என்று சொல்லியிருக்க வேண்டும் என 1998இல் அவரே எழுதினார். உங்கள் குழுவில் பேசியவருடைய பயத்துக்கு ஹார்டின்தான் நல்ல உதாரணம். இன்னொரு துறைக்குள் உழைப்பில்லாமல் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஆஸ்ட்ரம் அந்த உழைப்பைப் போட்டார். கணிதம் போதாதென்று ஒதுக்கப்பட்டவர், பின்னாளில் ஜெர்மனிக்குப் போய் ரைன்ஹார்ட் செல்டன் என்ற பொருளாதார அறிஞரிடம் விளையாட்டுக் கோட்பாடு கற்றார், ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருக்கும்போது என்ன நடக்கும் என்று கணக்கிடும் கணிதம் அது. நேபாளத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டார்கள், எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. கல்லும் மரமும் மண்ணும் வைத்து விவசாயிகள் கட்டிய தடுப்பணை வெள்ளத்தில் அடித்துப் போகும், திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும். அந்த மராமத்துக்குத் தலைமடைக்காரர்களின் ஆள்பலம் மட்டும் போதாது, கடைமடைக்காரர்களும் வர வேண்டும். வர வேண்டுமென்றால் அவர்கள் வயலுக்கும் தண்ணீர் போக வேண்டும். சரி, நல்லது செய்வோம் என்று வெளியிலிருந்து பணம் வந்து கான்கிரீட் அணை கட்டப்பட்ட இடங்களில், தலைமடைக்கும் கடைமடைக்கும் கிடைக்கும் தண்ணீரில் வித்தியாசம் கூடுதலாக இருந்தது. அணை உறுதியாக நின்றது, ஆனால் கடைமடைக்காரனின் கை இனி யாருக்கும் தேவைப்படவில்லை, பேரம் பேச அவனிடம் இருந்தது அந்த உழைப்பு ஒன்றுதான். இதைப் பார்க்கப் பொறியாளர் மட்டும் போயிருந்தால் அணையைப் பாராட்டிவிட்டு வந்திருப்பார். அரசியல் கோட்பாட்டை மட்டும் படித்தவருக்கு, அதிகாரம் அணை கட்டிய பொருளுக்குள்ளேயே இருக்கிறது என்று தோன்றியிருக்காது.

2009இல் ஆஸ்ட்ரமுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது, அதைப் பெற்ற முதல் பெண் அவர். ஆனால் அதைக் காட்டி உங்கள் குழுவை வாயடைக்கப் பார்க்காதீர்கள். உங்கள் கணக்கு சரியா என்பதற்கு அது பதிலாகாது. எந்த மாதம் அளந்தீர்கள், மழைக்கு முன்பா பின்பா, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோதா நின்றபிறகா, பக்கத்துக் கிணறு இறைத்ததில் இதன் மட்டம் இறங்கியிருக்குமா? இந்தக் கேள்விகளை ஒரு நிலநீரியல் ஆள் கேட்பார், அரசியல் துறையில் யாரும் கேட்கமாட்டார்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, நீர்மட்டம் இறங்கியதை அளவீடு காட்டும். யார் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அது சொல்லாது. அந்த வாதத்தை நீங்கள்தான் அரசியல் சிந்தனையின் வழியில் கட்ட வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து எழுதாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் அந்த இயலை நிலநீரியல் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் அவரோடு போய்க் கிணறுகளை மறுபடி அளந்து பாருங்கள். அவர் அடித்துத் திருத்திய பிரதியையே குழுவின் முன் வையுங்கள்.