நீங்கள் கேட்டவை: மிஸி (தாதி) படிப்புக்கு மனுப் போடும் முன்

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த கையோடு சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாதிமைப் படிப்பைப் பற்றி நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. இடம் குறைவு, மனுப் போடுகிறவர்கள் அதிகம். தகுதி இருந்தும் மனுப் பாரத்திலும் பத்திரத்திலும் தேதியிலும் கோட்டைவிட்டு இடத்தை இழக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊரிலேயே கோலேஜ் கொமுனிட்டி (சமூகக் கல்லூரி) இருக்கிறது. மகளை அங்கே நர்சிங் சேர்க்கலாமா? டவுனில் ஒரு சென்டரில் 6 மாதத்தில் நர்சிங் முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். அதை நம்பலாமா? (ஆர்.எம்., சுங்கை சிப்புட்)

அம்மா, கோலேஜ் கொமுனிட்டியில் நல்ல கைத்தொழில் சான்றிதழ்கள் உண்டு. ஆனால் மிஸியாக வேலை செய்ய வைக்கும் தாதிமை டிப்ளோமா அங்கே கிடையாது. இந்த நாட்டில் பதிவுபெற்ற தாதியாக வேண்டுமானால் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பெயர் பதிய வேண்டும். அதற்கு வாரியம் ஏற்றுக்கொண்ட 3 ஆண்டு டிப்ளோமாவை முடித்து, வாரியம் நடத்தும் சோதனையிலும் தேற வேண்டும். பட்டப் படிப்பு வழியாகவும் வரலாம், அதற்கு இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும்.

6 மாதப் படிப்பு பெரும்பாலும் பராமரிப்பாளர் பயிற்சியாகத்தான் இருக்கும். முதியோர் இல்லத்திலோ வீட்டிலோ நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு அது உதவும். அதுவும் மரியாதையான வேலைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு பிறகு மிஸியாகப் பதவி உயரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள். படிப்பின் முழுப் பெயர் என்ன? மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்.கியூ.ஏ.யின் பதிவேட்டில் அதற்கு என்ன எண்? மாணவர்கள் எந்த மருத்துவமனையில் வார்டுப் பயிற்சி செய்கிறார்கள்? பதிவேட்டை எம்.கியூ.ஏ. இணையப் பக்கத்தில் நீங்களே திறந்து பார்க்கலாம். கல்லூரியின் பெயர் அங்கே இருந்தால் மட்டும் போதாது, மகள் சேரப்போகும் அந்தப் படிப்பும் இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு பஹாசா மெலாயு பி, செஜாரா (வரலாறு) பி, சயின்ஸ் சி+, பஹாசா தமிழ் ஏ, மோரல் (நன்னெறி) ஏ-, இங்கிலீஷ் ஈ, மெத்தமெட்டிக்ஸ் டி. டிப்ளோமா நர்சிங்குக்கு மனுப் போடலாமா? தமிழ்ப் பாடத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று தோழி சொல்கிறாள். (கே.எஸ்., லிந்தாங்)

தங்கையே, தோழி சொன்னது தவறு. வழக்கமான நிபந்தனை 5 கிரெடிட். பஹாசா மெலாயு, கணிதம், ஏதாவது ஓர் அறிவியல் பாடம் ஆகிய மூன்றும் கட்டாயம். மீதி இரண்டு வேறு எந்தப் பாடமாகவும் இருக்கலாம். பஹாசா தமிழ் ஏ அந்த இரண்டில் ஒன்றாக நிற்கும். செஜாராவோ மோரலோ இன்னொன்று. ஆங்கிலத்தில் தேர்ச்சி இருந்தால் போதும், ஈ என்பதும் தேர்ச்சிதான். கிரெடிட் என்பது சி வரைக்கும். டி, ஈ இரண்டும் தேர்ச்சி மட்டுமே.

ஆக, உங்களுக்குக் குறுக்கே நிற்பது கணிதம் ஒன்றுதான். அந்த ஒரு பாடத்தைத் தனியார் பரீட்சார்த்தியாக மறுபடி எழுதலாம். பதிவு செய்யும் காலம் குறுகியது, தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும். ஆகவே இப்போதே மாநிலக் கல்வி இலாகாவில் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் நிபந்தனையைத் தளர்த்தி அறிவிப்பு வருவதும் உண்டு என்பதால், அந்தந்த ஆண்டு விளம்பரத்தை வரி விடாமல் படியுங்கள். டி இருந்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு கல்லூரி வாய்மொழியாகச் சொன்னால், அதைக் கடிதமாகக் கேளுங்கள். தாதியர் வாரியத்தின் நிபந்தனைக்குக் குறைவாகச் சேர்ந்தால் 3 ஆண்டு படித்த பிறகும் பெயரைப் பதிய முடியாமல் போகும்.

கணிதத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று மனம் சலித்துக்கொள்ள வேண்டாம். 500 மில்லிலிட்டர் சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். டிரிப் குழாய் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விடும் வகை. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. மிஸி கடிகாரத்தைப் பார்த்தபடி சக்கரத்தைத் திருகி இதைச் சரிசெய்ய வேண்டும். 4 மணி நேரத்தை 24 நிமிடமாக எண்ணிவிட்டால் இருதயம் பலவீனமான நோயாளிக்கு மூச்சுத்திணறலே வந்துவிடும். பின்னம், விகிதம், அலகு மாற்றம் ஆகிய மூன்றையும் நன்றாகப் பழகுங்கள். மறுதேர்வுக்கும் அது உதவும், வார்டுக்கும் உதவும்.

கேள்வி: அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு எங்கே மனுப் போடுவது? போன தடவை மகள் மனுப் போட்டாள், பதிலே இல்லை. (எஸ்.வி., சுங்கை சிப்புட்)

சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைப் பார்க்க, பொதுச் சேவை ஆணையமான எஸ்.பி.ஏ.வின் இணையப் பக்கம், அமைச்சின் பயிற்சிப் பிரிவுப் பக்கம் இரண்டையும் கவனியுங்கள். பொதுப் பல்கலைக்கழகங்களுக்குப் போடும் யு.பி.யு. மனு வேறு, இது வேறு. ஒன்றைப் போட்டால் மற்றதற்கும் போட்டதாக ஆகாது. விளம்பரம் சில நாட்களே திறந்திருக்கும். வீட்டுக்குப் பக்கமாக உலு கிந்தாவில் உள்ள பயிற்சிக் கழகத்திலேயே இடம் கிடைக்கும் என்ற கணக்கும் வேண்டாம். எந்த மாநிலத்துக்கு அனுப்பினாலும் போகத் தயார் என்பதை மனுப் போடும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். இடம் கிடைத்த பிறகு தாத்தா பாட்டி அழுது, பிள்ளை பின்வாங்கினால் அந்த இடம் திரும்பி வராது.

பதில் வராததற்குப் பல சமயம் காரணம் சின்னதாக இருக்கும். சைபர் கஃபே பையனின் ஈமெயிலைப் போட்டிருப்பார்கள், நேர்முகத் தேர்வு அழைப்பு அங்கே போய்விடும். பிரீபெய்ட் நம்பர் காலாவதியாகியிருக்கும். பிள்ளையின் சொந்த ஈமெயிலைத் திறந்து, பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். பெயரைப் பொறுத்தவரை ரொம்பக் கவனம் தேவை. மைகார்டில் (அடையாள அட்டையில்) மகள் என்பதைக் குறிக்கும் ஏ/பி என்று இருந்தால் பாரத்திலும் ஏ/பி வர வேண்டும். பிறப்புச் சூராவில் (பிறப்புச் சான்றிதழில்) அப்பா பெயரில் ஓர் எழுத்து, எஸ்.பி.எம். சான்றிதழில் இன்னோர் எழுத்து என்று இருந்தால், விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள். அது ஒரே நாளில் முடிகிற வேலையல்ல.

ஒரு கோப்பில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: மைகார்டு, பிறப்புச் சூரா, எஸ்.பி.எம். சான்றிதழ், பள்ளி விடுகைச் சான்றிதழ், புறப்பாடச் சான்றிதழ்கள், பெற்றோரின் சம்பளச் சிலிப். ஒவ்வொன்றுக்கும் பள்ளி முதல்வரிடம் சான்றளித்த நகல் 3 எடுங்கள். செஞ்சிலுவைச் சங்கம் போல் இங்கே இயங்கும் செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ பிள்ளை இருந்திருந்தால் அந்தச் சான்றிதழை மேலே வையுங்கள். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள் என்று எண்ணித் தயாராவது நல்லது. சும்மா உறுப்பினர் என்று சொல்லி நிறுத்தாமல், ரத்தம் கொட்டும் காயத்தை எப்படி அழுத்திப் பிடிப்பது, தீக்காயத்துக்கு முதலில் என்ன செய்வது என்று மலாயில் தடுமாறாமல் சொல்லப் பழக வேண்டும்.

கேள்வி: தனியார் கல்லூரி ஏஜண்ட் இன்றே 500 ரிங்கிட் கட்டினால்தான் இடம் என்கிறார். மீதி எல்லாம் பி.டி.பி.டி.என். (அரசாங்க உயர்கல்விக் கடன் நிதி) பார்த்துக்கொள்ளுமாம். (பி.ஜி., தோட்டத் தொழிலாளி)

ஐயா, கட்ட வேண்டாம். முதலில் ஆஃபர் லெட்டரையும் முழுக் கட்டணப் பட்டியலையும் வாங்குங்கள். படிப்புக் கட்டணம் ஒரு தொகை. ஹோஸ்டல், யூனிஃபார்ம், மருத்துவமனைக்குப் போய்வரும் பஸ், வாரியச் சோதனைக் கட்டணம் ஆகியவை தனித்தனியாக வரும். பி.டி.பி.டி.என். கடன்தான், 1 விழுக்காடு உஜ்ரா என்ற சேவைக் கட்டணத்துடன் பிள்ளை திருப்பிக் கட்ட வேண்டும். பணம் பதிந்து படிக்கத் தொடங்கிய பிறகே வரும் என்பதால், முதல் செமெஸ்டர் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும். அங்கேதான் பல குடும்பங்கள் வட்டிக்காரனிடம் போய் மாட்டிக்கொள்கின்றன.

அதற்கு முன் இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதி இருக்கிறது. 2024 மே மாதம் முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்துள்ளது, அதில் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் டிப்ளோமாக் கட்டணத்துக்கு எடுக்கலாம். 1984இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.இ.டி. என்ற கல்வி அறக்கட்டளையும் இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கடன் தருகிறது. சில தனியார் மருத்துவமனைகள் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு, படித்து முடித்ததும் சில ஆண்டு தங்களிடமே வேலை செய்ய ஒப்பந்தம் போடும். மோசமில்லை. ஆனால் இடையில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், ஜாமீன் கையெழுத்து யார் போடுவது என்ற இரண்டு பத்தியையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: அக்கா மகள் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவில் குடியேறிவிட்டாள். அங்கே கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் கிடைப்பது குதிரைக் கொம்பு என்கிறாள். உண்மையா? (எல்.டி., கோலகங்சார்)

உண்மைதான். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் வழியாகவே அசோசியேட் டிகிரி என்ற குறுகிய பட்டத்தை முடித்து, என்கிளெக்ஸ் ஆர்.என். சோதனை எழுதிப் பதிவுபெற்ற தாதியாகலாம். கட்டணமும் குறைவு. அதனால் கூட்டம் அலைமோதுகிறது.

கல்லூரியில் சேர்வதும் தாதிமைப் பிரிவில் சேர்வதும் அங்கே வெவ்வேறு. முதலில் உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தோடு முடிக்க வேண்டும், ஆங்கிலக் கட்டுரைப் பாடமும் உண்டு. பிறகுதான் தாதிமைக்கு மனு. சில கல்லூரிகள் புள்ளி போட்டு எடுக்கும், சில குலுக்கல் முறையில், சில காத்திருப்போர் பட்டியல் முறையில் எடுக்கும். புள்ளி போடும் இடத்தில் அறிவியல் பாடங்களின் மதிப்பெண்தான் ராஜா. ஆகவே உடலியங்கியலையும் நுண்ணுயிரியலையும் ஒரே செமெஸ்டரில் திணித்து இரண்டிலும் சி வாங்குவதைவிட, பிரித்து எடுத்து ஏ வாங்குவது நல்லது. திரும்பப் படித்துச் சரிசெய்யலாம் என்றால், மறுமுறை எடுத்ததற்குப் புள்ளி குறைக்கும் கல்லூரிகள் உண்டு. 5 அல்லது 7 ஆண்டுக்கு முந்தைய அறிவியல் மதிப்பெண்ணை ஏற்காத கல்லூரிகளும் உண்டு.

பல இடங்களில் டீஸ் என்ற நுழைவுச் சோதனை கேட்பார்கள். 209 நிமிடத்தில் 170 கேள்விகள்: வாசிப்பு 45, கணிதம் 38, அறிவியல் 50, ஆங்கிலம் 37. கலிஃபோர்னியாவில் 62 விழுக்காடு என்ற எல்லை வழக்கத்தில் உள்ளது, ஆனால் அது வரிசையில் நிற்க மட்டுமே உதவும். வேறு கல்லூரிகள் ஹெசி என்ற சோதனையைக் கேட்கும். ஆகவே எந்தெந்தக் கல்லூரிக்குப் போடுவது என்று முடிவு செய்த பிறகே சோதனைக்குப் பணம் கட்டச் சொல்லுங்கள். மலேசியாவில் படித்த பாடங்களைக் காட்ட வேண்டுமானால், அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டு நிறுவனம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். இங்கிருந்து அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல் போய்ச் சேர நாளாகும், கடைசித் தேதிக்குச் சில மாதம் முன்பே தொடங்கட்டும்.

கேள்வி: நான் ஆண். நர்சிங் எடுக்கலாமா? உடல் பரிசோதனையில் என்ன பார்ப்பார்கள்? (டி.ஆர்., சுங்கை சிப்புட்)

தாராளமாக எடுக்கலாம் தம்பி, ஆண் தாதியர் நம் மருத்துவமனைகளில் வேலை செய்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர், ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் போன்றவற்றைப் பார்ப்பார்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி 1989 முதல் குழந்தைகளுக்கு இங்கே போடப்படுகிறது, உங்களுக்கும் போட்டிருப்பார்கள். என்றாலும் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் அந்த எதிர்ப்புச் சக்தியின் அளவு 10 mIU/mL-க்குக் கீழே வந்தால் மறுபடி ஊசி போட வேண்டும். முழுச் சுற்று 0, 1, 6 மாதம் என மூன்று ஊசி, அதனால் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ஆண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நிறக்குருடு. பெண்களைவிட ஆண்களிடம் அது பல மடங்கு அதிகம். பலருக்கு இருப்பதே தெரியாது. புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா அட்டைச் சோதனையைக் கண்ணாடிக் கடையிலேயே சில நிமிடத்தில் செய்துகொள்ளலாம். சிறுநீர் பரிசோதனைத் தாளின் நிறத்தையும், நோயாளியின் உதடு நீலமாவதையும் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை இது. கல்லூரிக்குப் பதிவுப் பணம் கட்டும் முன் அந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.