டிஸால்வ் போட்டால் படம் ஏன் உறைகிறது?

கேள்வி: வீடியோ எடிட் செய்யும்போது இரண்டு கிளிப்புக்கு நடுவில் டிஸால்வ் (ஒரு படம் மெல்ல மறைய, அடுத்தது மெல்லத் தோன்றுவது) போட்டால் படம் ஒரு கணம் அப்படியே உறைந்து நிற்கிறது. சில இடங்களில் சாஃப்ட்வேர் போடவே விடுவதில்லை. கம்ப்யூட்டர் பழசு என்பதாலா?

பதில்: பாவம், கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள். டிஸால்வ் நடக்கும் நேரத்தில் இரண்டு கிளிப்பும் சேர்ந்தே ஓடுகின்றன, அதாவது முதல் கிளிப் வெட்டிய இடத்தைத் தாண்டியும் கொஞ்சம் ஓட வேண்டும், இரண்டாவது கிளிப் அதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். இப்படி வெட்டுக்கு வெளியே மிஞ்சும் பகுதியை எடிட்டர்கள் ஹேண்டில் என்பார்கள். நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் வீடியோவில் ஒரு நொடி டிஸால்வை வெட்டின் நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் 12, 13 ஃபிரேமாவது மிச்சம் இருக்க வேண்டும். நீங்கள் அநேகமாக ரெக்கார்ட் ஆன கிளிப்பை முழுசாக டைம்லைனில் (கிளிப்களை வரிசையாக அடுக்கும் இடத்தில்) போட்டிருப்பீர்கள், அப்புறம் மிச்சத்துக்கு எங்கே போவது? சில சாஃப்ட்வேர் ஓர ஃபிரேமையே திரும்பத் திரும்பக் காட்டிச் சமாளிக்கும் (உங்கள் படம் உறைவது அதனால்தான்), சில முடியாது என்றுவிடும். இரண்டு கிளிப்பின் முனையையும் அரை நொடிக்குமேல் உள்ளே இழுத்துவிட்டுப் போடுங்கள், சரியாகிவிடும். அடுத்த முறை ஷூட் செய்யும்போது ஆள் பேசத் தொடங்கும் முன்பே ரெக்கார்டிங்கை ஆரம்பித்து, பேசி முடித்தபின்னும் இரண்டு மூன்று நொடி ஓடவிடுங்கள்.

கேள்வி: ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாற ஆப்பில் டிரான்சிஷன்கள் கொட்டிக் கிடக்கின்றன. எதை எங்கே போடுவது?

பதில்: பெரும்பாலான இடங்களில் எதுவும் வேண்டாம், நேர் வெட்டே போதும். ஒருவர் கதவைத் தள்ளுகிறார், அடுத்த ஷாட்டில் உள்ளே வருகிறார் என்றால் கதவு நகர்ந்துகொண்டிருக்கும்போதே வெட்டுங்கள், பார்ப்பவரின் கண் அசைவின் பின்னாலேயே போய்விடும், வெட்டு தெரியவே தெரியாது. அந்த இடத்தில் திரை சுழன்று புரண்டால் கதவை யார் கவனிப்பார்கள்? நேரம் கடந்ததைச் சொல்ல டிஸால்வ், ஒரு பகுதி முடிந்ததென்றால் கறுப்புக்கு ஃபேட் (படம் மெல்ல மங்கிக் கறுப்பாவது). பக்கம் புரட்டுவது, கனசதுரம் சுழல்வது எல்லாம் டைட்டிலுக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

இடம் மாறும்போது சத்தத்தை முதலில் விட்டுப் பாருங்கள். அடுத்த காட்சி ரயில் நிலையம் என்றால் ரயில் சத்தம் அரை நொடி முன்னால் கேட்கட்டும், படம் பிறகு வரட்டும். இதற்கு ஜே-கட் என்று பெயர், எனக்கு எந்த எஃபெக்ட்டையும்விட இதுதான் பிடிக்கும். வெட்டில் 'டிக்' என்று கேட்டால் ஆடியோவுக்கு மட்டும் இரண்டு ஃபிரேம் கிராஸ்ஃபேட் (ஒரு சத்தம் குறையக் குறைய அடுத்தது கூடுவது) போடுங்கள்.