மூன்றாம் மாதம் பட்ஜெட்டில் துண்டு விழுவது ஏன்?

கேள்வி: கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள். வாடகை, மளிகை, மின்கட்டணம், போக்குவரத்து என்று எல்லாவற்றுக்கும் ஒதுக்கியபின் வருமானத்தில் 15 சதவீதத்தைச் சேமிப்பதாகத் திட்டம் போட்டோம். இரண்டு மாதம் சரியாகப் போகிறது. மூன்றாவது மாதம் ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது. சேமித்ததை எடுத்துக் கொடுக்கிறோம். அதுவும் போதாமல் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறோம். எந்தச் செலவைக் குறைத்தால் இது சரியாகும்?

பதில்: எதையும் இப்போதே குறைக்க வேண்டாம். முதலில் அந்த 'ஏதாவது ஒன்று' என்னவென்று பார்ப்போம். பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், வண்டி சர்வீஸ், வரி, விடுமுறைப் பயணம்: இவற்றில் எதுவும் திடீரென்று வருவதில்லை. வருடா வருடம் வருபவைதான். மாதா மாதம் வராததால் மாத பட்ஜெட்டில் இவற்றுக்கு இடம் இருப்பதில்லை, அவ்வளவுதான். உங்கள் திட்டத்தில் ஓட்டை விழுந்திருப்பது இங்கேதான். மளிகையில் கைவைத்து இதை அடைக்க முடியாது.

வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு இரண்டின் ஸ்டேட்மென்டையும் 12 மாதத்துக்கு எடுங்கள். 3 மாதத்துக்கு எடுத்தால் போதாது. வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு அதில் சிக்காமலே போகலாம். மாதம் தவறாமல் வரும் செலவுகளைப் பேனாவால் அடித்துவிடுங்கள். அடிபடாமல் மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டிய பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையையும் மாதத்தையும் எழுதுங்கள். இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். பட்டியலின் கூட்டுத்தொகையைப் பார்த்துப் பலரும் கொஞ்சநேரம் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஓர் உதாரணம் போடுவோம். குடும்பத்தின் மாத வருமானம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2-ம் மாதம் வண்டி சர்வீஸ் 8. 3-ம் மாதம் பள்ளிக் கட்டணம் 40. 5-ம் மாதம் காப்பீடு 24. 7-ம் மாதம் வரி 12. 8-ம் மாதம் மறுபடி சர்வீஸ் 8. 10-ம் மாதம் பயணமும் பரிசுகளும் 28. மொத்தம் 120. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10.

இதைத் தனிக் கணக்கில் மாதம் 10 போட்டுவந்தால் தீர்ந்தது என்று தோன்றும். பெரும்பாலான ஆலோசனைகளும் இத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால், வெறும் கையோடு தொடங்கி மாதம் 10 போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 2-ம் மாத முடிவில் இருப்பு 12. 3-ம் மாதம் பத்தைச் சேர்த்தால் 22, கட்டவேண்டியதோ 40. துண்டு 18. 5-ம் மாதம் அது 22 ஆகிறது. 10-ம் மாதத்தில்கூட 20 குறைகிறது. வருடக் கடைசியில்தான் கணக்கு பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். வருடத்துக்குச் சரியாக இருக்கும் கணக்கு மாதத்துக்கு உதைப்பது இதனால்தான்.

எனவே முதல் வருடத்தில் பன்னிரண்டால் வகுக்காதீர்கள். இருக்கிற மாதங்களால் வகுங்கள். 3-ம் மாதத்துக்குள் தேவை 48, அதாவது முதல் மூன்று மாதமும் 16. அடுத்த இரண்டு மாதத்தில் 24 வேண்டும் என்பதால் மாதம் 12. 6-ம் மாதத்திலிருந்து 10 போதும். இப்படிப் போனால் எந்த மாதமும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. 12-ம் மாதம் முடியும்போது கையில் 22 நிற்கும். முன்பு எங்கே 22 குறைந்ததோ, அதே 22. இரண்டாம் வருடம் முழுக்க மாதம் 10 மட்டும் போட்டாலே கணக்கு ஓடிவிடும். கையில் ஏற்கெனவே கொஞ்சம் சேமிப்பு இருந்தால், முதல் நாளே 22-ஐ இந்தக் கணக்கில் போட்டுவிட்டு 10-லிருந்தே தொடங்கலாம்.

உங்கள் பட்டியலையும் இதேபோல் காகிதத்தில் 12 வரிகளாக எழுதி ஓட்டிப் பாருங்கள். முந்தைய இருப்பு, கூட்டல் இந்த மாதம் போடுவது, கழித்தல் இந்த மாதச் செலவு. ஆழமாகக் குழி விழும் மாதம் எது, எவ்வளவு குறைகிறது என்ற இரண்டும்தான் தெரியவேண்டும். கட்டணங்கள் ஏறும் என்பதால் போன வருடத் தொகையோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டி எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் 5-ம் மாதம் பூஜ்யத்தில் நிற்கும்போது சின்ன உயர்வுகூடக் கையைக் கடிக்கும்.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. நீங்கள் சேமிப்பு என்று எழுதிவைத்த 15-ல் 10 சேமிப்பே அல்ல. கட்டும் தேதி இன்னும் வராத செலவு. இந்த உதாரணப்படி உண்மையான சேமிப்பு 5 தான். முதல் மூன்று மாதம் அதுகூட இல்லை. 15 போக இன்னொரு 1-ஐயும் எங்கிருந்தாவது தேடவேண்டும். தெரிந்தபின் மனது சோர்ந்தாலும், 15 சேமிப்பதாக நம்பி வருடத்துக்கு நான்கு முறை அதை உடைப்பதைவிட 5-ஐத் தொடாமல் வைப்பது மேல்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குத் தேதி கிடையாது. புதிதாக வாங்க ஆகும் விலையை, இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று நினைக்கிறீர்களோ அந்த எண்ணால் வகுத்து அந்தப் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை போவது, பெரிய நோய் ஆகியவை இந்தப் பட்டியலில் வராது. தொகையும் தெரியாது, வருமா என்றும் தெரியாது. அதற்கு அவசர நிதி வேறு: அத்தியாவசியச் செலவில் 3 முதல் 6 மாதத்துக்கானது. கவனிக்க, வருமானத்தில் அல்ல, செலவில். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்தால் பள்ளிக் கட்டணம் அவசர நிதியைத் தின்றுவிடும். மூன்று கணக்குகள் போதும்: சம்பளம் வருவது, ஆண்டுச் செலவுக்கானது, தொடக்கூடாதது. சம்பளம் விழுந்த மறுநாளே மற்ற இரண்டுக்கும் பணம் தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்று இருந்தால் மிஞ்சாது.

அடுத்து கிரெடிட் கார்டு. பாக்கியை முழுதாகக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். கூட்டுவட்டியில் அது வருடத்துக்கு 42.6 சதவீதம், எதுவும் கட்டாமல் விட்டால் 24 மாதத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும். இந்த வட்டியை மிஞ்சும் வருமானம் எந்தச் சேமிப்புத் திட்டத்திலும் நிச்சயமாகக் கிடைக்காது. ஆகவே அவசர நிதி ஒரு மாதச் செலவு அளவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டு, மிச்சமெல்லாம் கார்டு பாக்கிக்கே போகட்டும். அது தீர்ந்தபின் நிதியை நிரப்பலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம்: எதைக் குறைப்பது? ஒருமுறை முடிவெடுத்தால் மாதா மாதம் தானாகக் குறைபவற்றில் தொடங்குங்கள். யாரும் பார்க்காத சந்தாக்கள், தேவைக்கு மேல் எடுத்த டேட்டா திட்டம், அதிக வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவது. கடனை மாற்றும்போது நடைமுறைக் கட்டணத்தையும் முன்கூட்டி முடிக்கும் அபராதத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். தவணைக் காலம் கொஞ்சமே பாக்கியிருந்தால் மாற்றுவதில் லாபம் இருக்காது.

மளிகையை வாரக் கணக்கில் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் ஒரு தப்பைச் சரிபாருங்கள். வாரச் செலவை 4-ஆல் பெருக்கி மாதச் செலவு என்று எழுதுபவர்கள் வருடத்துக்கு 48 வாரம்தான் கணக்கிடுகிறார்கள். வருடத்தில் 52 வாரம். நான்கு வாரச் செலவு, கிட்டத்தட்ட ஒரு மாத மளிகை, காகிதத்திலேயே இல்லை. 4.33-ஆல் பெருக்குங்கள்.

தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 என்ற விகிதத்தைப் பலர் சொல்லியிருப்பார்கள். அதை அளவுகோலாகப் பயன்படுத்தலாம், சட்டமாக அல்ல. வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-லேயே காட்டிவிட்டார். தேவைக்கே 70 போகும் வீட்டில் 20 சேமிக்கவில்லையே என்று ஒருவரையொருவர் குறைசொல்வதில் அர்த்தமில்லை.

உங்கள் 5-ஐ உயர்த்தச் சுலபமான வழி, சம்பள உயர்வு வருவதற்கு முன்பே அதில் ஒரு பங்கைச் சேமிப்புக்கென்று முடிவு செய்துவிடுவது. கைக்கு வராத பணத்தை ஒதுக்கும்போது வலி தெரியாது. பொருளாதார அறிஞர்கள் ரிச்சர்ட் தாலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் ஒரு நிறுவன ஊழியர்களிடம் இந்த ஏற்பாட்டைச் செய்து பார்த்து, முடிவை 2004-ல் வெளியிட்டார்கள். அதில் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சராசரியாக 3.5 சதவீதத்திலிருந்து 13.6-க்கு ஏறியது. உயர்வில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதையும் ஒதுக்கினால் வீட்டில் ஒத்துழைப்பு கிடைக்காது.

மாதம் ஒருமுறை, சம்பளத்துக்கு முந்தைய மாலை, இருவரும் சேர்ந்து அந்த 12 வரிக் காகிதத்தை எடுத்து இருப்பைச் சரிபாருங்கள். 20 நிமிடம் போதும். இருப்பு காகிதத்தில் உள்ளதைவிடக் குறைந்திருந்தால் யார் எடுத்தது என்று தேடாதீர்கள். எந்தச் செலவைப் பட்டியலில் விட்டோம் என்று தேடி, புதிய வரியாகச் சேர்த்து, பாக்கி மாதங்களால் மறுபடி வகுங்கள்.