பாட்டைப் பதிய ஒரு கந்தோரும் இல்லை

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பொழுதுபோக்காக நானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகள் ஆறு இருக்கின்றன. கித்தார் ஓரளவு வாசிப்பேன். ஆறில் ஒன்று எங்கள் அப்பாயி பாடின தாலாட்டு மெட்டு. ஹட்டனில் ஒரு அண்ணன் 60,000 ரூபா கொடுத்தால் ஒலிப்பதிவு செய்து, ‘கொப்பிரைட்’ பதிந்து, ஸ்பொட்டிஃபையிலும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். பதியாமல் வெளியிட்டால் யாராவது திருடிவிடுவார்களாம். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, அந்த 60,000 முதலில் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும்.

இலங்கையில் பாட்டுக்குப் பதிப்புரிமை பதிகிற வேலையே கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் பாட்டை உருவாக்கிய நிமிடமே அது உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 70 வருடமும் அந்த உரிமை நிற்கும். கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வியாபாரக் குறி, கண்டுபிடிப்பு, கைத்தொழில் வடிவமைப்பு எல்லாம் பதிவார்கள், பாட்டைப் பதிவதில்லை. அப்படியென்றால் அந்த அண்ணன் எங்கே பதியப் போகிறார்? தங்க நிறத்தில் முத்திரை அடித்த ஒரு காகிதத்தை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து அச்சகத்தில் அடித்தது. சான்று வேண்டுமென்றால் போனில் முணுமுணுத்த முதல் பதிவையும் வரிகளையும் உங்களுக்கே மின்னஞ்சல் செய்து வையுங்கள். திகதி அதிலேயே விழுந்துவிடும்.

திருட்டைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். இருபது வருடமாகப் பாட்டு வேலையில் இருக்கிறேன், பாட்டை வெளியிட்டதால் பறிகொடுத்தவர்களை விட, வெளியிட்டுத் தருகிறேன் என்றவரிடம் பறிகொடுத்தவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முற்பணம் கொடுத்துத்தான் ஆளைப் பிடித்தார். இந்தப் பாட்டுக் கங்காணிகள் முற்பணத்தையும் நம்மிடமே வாங்கிக்கொள்கிறார்கள்.

விஷயம் இதுதான். ஸ்பொட்டிஃபையில் நீங்கள் நேராகப் பாட்டை ஏற்ற முடியாது, நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். ஆனால் அது இணையத்தில் யாரும் பத்து நிமிடத்தில் கணக்குத் திறக்கக்கூடிய இடம். ரூட்நோட் போன்றவை இலவசமாக ஏற்றி, வருகிற காசில் 100க்கு 15 எடுத்துக்கொள்ளும். டிஸ்ட்ரோகிட் போன்றவை வருடச் சந்தா கேட்கும். கட்டுவதை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடும். உங்களுக்கு இலவசமே போதும். ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்து, இலக்கம் கொண்ட ஓர் அடையாளம் ஒவ்வொரு பாட்டுக்கும் உண்டு. அதையும் அவர்களே சும்மா தருவார்கள். அதற்குத் தனியாக 5,000 கேட்கிறவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

கணக்கு மட்டும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பாஸ்வேர்டில் இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு தம்பியின் பாட்டு, அவனுக்காக ஏற்றிக் கொடுத்தவருடைய கணக்கில் இருந்தது. இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் வந்ததும் தம்பி தன் பாட்டைத் தானே யூடியூபில் பாடிப் போட்டான். அவனுக்கே உரிமை மீறல் அறிவித்தல் வந்தது. போனை நீட்டி, ‘இது என் குரல்தானே அண்ணே?’ என்று கேட்டான். குரல் அவனுடையதுதான், படிவத்தில் இருந்த பெயர்தான் வேறு. உரிமையைக் கைமாற்றுவதென்றால் அது எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்டு நடக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே எதிலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். ‘சும்மா ஃபோர்மலிட்டி’ என்று நீட்டும் காகிதத்தைக் கட்டாயம் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள்.

கேட்கும் எண்ணிக்கையைக் கூட்டித் தருகிறேன் என்று ஒரு கூட்டம் வட்ஸ்அப்பில் வரும். பொய்யாகக் கேட்க வைத்தது தெரிந்தால் ஸ்பொட்டிஃபை விநியோக நிறுவனத்துக்குத் தண்டம் போடும், அது உங்கள் தலையில் வந்து விழும்.

இனி அப்பாயியின் தாலாட்டு. இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மற்ற ஐந்தும் முழுக்க உங்களுடையவை. இதில் வரிகள் உங்களுடையவையாக இருக்கலாம், மெட்டு உங்களுடையதல்ல, அப்பாயியுடையதும் அல்ல. நாட்டார் கலைக்கென்று அதே சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. வியாபார நோக்கில் எடுப்பவர் அதற்குரிய அதிகாரியின் அனுமதி பெற வேண்டும் என்கிறது. அந்த அதிகாரி எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டு நான் அலைந்திருக்கிறேன். ஒரு மேசை இன்னொரு மேசையைக் காட்டியது, அது மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தது.

அதற்கு முன்னால் இன்னொன்றைப் பாருங்கள். அது உண்மையிலேயே நாட்டார் மெட்டுத்தானா? ஒருவர் தன் அம்மாயியின் தாலாட்டு என்று பாடிக் காட்டினார். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: பழைய சினிமாப் பாட்டு! ரேடியோவில் கேட்டதைக் கிழவி தொட்டிலுக்கு இறக்கியிருக்கிறார். அப்படியென்றால் அது ஒரு இசையமைப்பாளரின் சொத்து, விவகாரமே வேறு. வயதானவர்கள் நாலு பேரிடம் பாடிக் காட்டுங்கள். நாட்டார் மெட்டுத்தான் என்றாலும், பாட்டை ஏற்றும்போது நிரப்புகிற படிவத்தில் ‘இசை’ என்ற கட்டத்தில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். யூடியூபில் தானாக உரிமை கோரும் வசதியையும் அந்தப் பாட்டுக்கு எடுக்க வேண்டாம். எடுத்தால் பக்கத்துத் தோட்டத்தில் அதே தாலாட்டைப் பாடிப் போடுகிற அக்காவுக்கு உங்கள் பெயரில் உரிமை மீறல் அறிவித்தல் போகக்கூடும். என்னைக் கேட்டால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு ஐந்தை முதலில் விடுங்கள்.

ஒலிப்பதிவுக்கு ஸ்டூடியோ கட்டாயமில்லை. போனில் பேண்ட்லேப் செயலி இலவசம், ஆரம்பத்துக்கு அது தாராளம். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், எதிரி தகரக் கூரைதான். மழை அதில் விழுகிற சத்தத்தை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது, கம்பளி போர்த்தினாலும் நிற்காது. உங்கள் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை பெரும்பாலும் மழைதான், அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காம்பராவில் நாடகம் முடிந்து டிவியை அணைத்த பிறகு உட்காருங்கள். துணி தொங்குகிற கொடிக்கு முன்னால் முகத்தைத் துணிப் பக்கம் திருப்பி, போனை ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேரே இல்லாமல் சற்றுச் சரித்து வையுங்கள். கித்தாரைத் தனியாக, பிறகு காதில் அதைக் கேட்டபடி குரலைத் தனியாகப் பதியுங்கள். செயலியில் சத்தத்தின் அளவைக் காட்டும் கோடு சிவப்பைத் தொடக்கூடாது. மைக் வாங்குவதாக இருந்தால் டைனமிக் வாங்குங்கள். கண்டென்சர் வாங்கினால் நாலு காம்பரா தள்ளி இருமுவதும் பதியும்.

காசு? ஸ்பொட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் ஒரு சதம்கூட இல்லை. யூடியூபில் விளம்பரக் காசு சேர்ந்து 10 டொலரைத் தொட்டதும், விலாசத்தை உறுதிப்படுத்த கூகிள் ஓர் இரகசிய இலக்கத்தைத் தபாலில் அனுப்பும். தபாலில்! நம்முடைய லயங்களுக்கு விலாசம் ஏது? 2023இல் நம் மலையக ஆட்கள் இந்தியாவிலிருந்து இங்கே வந்து 200 வருடம் என்று ஊர் ஊராக மேடை போட்டோம், இன்னும் எத்தனையோ காம்பராவுக்குக் கதவு இலக்கம் இல்லை. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து கிடக்கும், அங்கே அதை யாராவது எடுத்துத் தந்தால் உண்டு. அமெரிக்காவில் இருக்கிற கம்பெனிக்கு இதை யார் புரியவைப்பது? ஆகவே கடிதம் நிச்சயமாகக் கைக்கு வரக்கூடிய விலாசத்தைக் கொடுங்கள், தபால் எடுத்து வருகிறவரிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.

அந்த அண்ணனின் ஒலிப்பதிவு உண்மையிலேயே பிடித்திருந்தால் ஒலிப்பதிவுக்கு மட்டும், மணிக்கு இவ்வளவு என்று விலை பேசுங்கள். பென் டிரைவைக் கையோடு கொண்டுபோய், குரல், கித்தார் எல்லாவற்றையும் தனித்தனி வேவ் கோப்பாக அன்றைக்கே வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். ‘நாளைக்கு அனுப்புகிறேன்’ என்றால், மிச்சக் காசையும் நாளைக்கே கொடுங்கள்.