வெண்தலைக் கழுகைப் பார்க்க, குளிர் முற்றட்டும்

கேள்வி: டிசம்பர் கடைசியில் சிகாகோவிலுள்ள மகள் வீட்டுக்குப் போகிறேன், பிப்ரவரி நடுப்பகுதி வரை இருப்பேன். வெண்தலைக் கழுகைக் கூண்டில் அல்லாமல் வெளியில் பார்க்க நெடுநாள் ஆசை. அழிந்துவரும் பறவை என்கிறார்களே, கண்ணில் படுமா? அலாஸ்கா வரை போக வேண்டுமா?

பதில்: அலாஸ்கா வேண்டாம். மகள் வீட்டிலிருந்து தென்மேற்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள், இல்லினாய் ஆற்றில் ஸ்டார்வ்ட் ராக் என்ற இடத்தில் ஓர் அணை இருக்கிறது. ஜனவரியில் அங்கே போங்கள். அதுவும், மகள் "இந்தக் குளிரில் வெளியே போகாதே அம்மா" என்று தடுக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்.

காரணம் இதுதான். இது அடிப்படையில் மீன் தின்னும் கடற்கழுகு. நம் கடற்கரையில் பறக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகுக்குப் பங்காளி. வடக்கே ஏரிகள் உறைந்ததும் உறையாத தண்ணீரைத் தேடித் தெற்கே வரும். அணைக்குக் கீழே பாய்ந்து விழும் நீர் உறைவதில்லை. மதகு வழியே வரும் மீன்கள் அடிபட்டு மயங்கி மேலே மிதக்கும். சுற்றிலும் பனி இறுகினால்தான் கழுகுகள் அந்தக் கொஞ்சத் தண்ணீரில் கூடும். குளிர் குறைந்த ஆண்டில் ஆறு நெடுகச் சிதறிவிடும். நீங்கள் ஒன்றிரண்டைத்தான் பார்ப்பீர்கள். விடிந்த கையோடு போய்விடுங்கள், இரை தேடும் நேரம் அதுதான். தென்கரையிலுள்ள ஸ்டார்வ்ட் ராக் குன்றின் உச்சிக்கு ஏறும் படிகளில் பனி வழுக்கும். முழங்கால் வலி இருந்தால் ஆற்றின் வடகரையில் அணையை ஒட்டிய பார்வையாளர் மையமே போதும்.

வெள்ளைத் தலையை மட்டும் தேடாதீர்கள். தலையும் வாலும் வெளுக்க நாலைந்து வருடம் ஆகும். அதுவரை உடம்பெல்லாம் பழுப்பு, ஆங்காங்கே வெள்ளைத் திட்டு. அதை வேறு ஏதோ பருந்து என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

அழிந்துவருகிறதா என்றால், இப்போது இல்லை. ஆனால் அந்த அச்சம் வீணாக எழுந்ததல்ல. 1963இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவில் மிஞ்சியிருந்தவை 417 ஜோடிகள். டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து முட்டையோட்டை மெலிய வைத்தது. அடைகாக்கத் தாய் உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கியது. 1972இல் டிடிடிக்குத் தடை வந்தது. 2007இல் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து கழுகு விடுபட்டது. 2021இல் அரசு வெளியிட்ட மதிப்பீட்டில் அதே நிலப்பரப்பில் சுமார் 3,16,700 கழுகுகள், 71,000க்கும் மேற்பட்ட கூடுகள். ஒரு விஷத்தை நிறுத்தியதில் இத்தனை உயிர் திரும்பியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இன்னொரு விஷம் பாக்கி இருக்கிறது: ஈயம். வேட்டைக்காரர்கள் மானைச் சுட்டுக் குடலைக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அதில் சிதறிக் கிடக்கும் ஈயத் தோட்டாத் துணுக்குகள் குளிர்காலப் பசியில் கழுகின் வயிற்றுக்குள் போகின்றன. 2022இல் வந்த ஓர் ஆய்வில், சோதித்த வெண்தலைக் கழுகுகளில் ஏறத்தாழ பாதியின் எலும்பில் நாட்பட்ட ஈய நஞ்சு இருந்தது. தாமிரத் தோட்டாவுக்கு மாறினால் தீரும் கேடு இது.

இருநோக்கி எடுத்துச் செல்லுங்கள், கூட்டின் பக்கம் நெருங்காதீர்கள். இறகு தரையில் கிடந்தாலும் பேத்திக்கென்று எடுத்துவிட வேண்டாம். உதிர்ந்த இறகாக இருந்தாலும் அனுமதியின்றி வைத்திருப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம்.